வேலூர் வெயில் வேறு, சிங்கப்பூர் வெயில் வேறு: முதன்முறை கட்டுமான வேலைக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

அணைக்கட்டு, ஒடுகத்தூர், குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கமிருந்து சிங்கப்பூருக்கு சைட் வேலைக்குக் கிளம்பும் பிள்ளைகளும் அவர்கள் வீட்டாரும் என்னிடம் கேட்பதை இங்கே எழுதியிருக்கிறேன். ஏழு வருஷம் அங்கே கம்பி கட்டினேன். இப்போது ஊரில் சென்ட்ரிங், கம்பி வேலை எடுத்துச் செய்கிறேன். டீக்கடையில் கேட்பார்கள், கல்யாண வீட்டில் கேட்பார்கள், ராத்திரி போன் போட்டும் கேட்பார்கள். பத்துப் பேருக்கு ஒரே பதிலைச் சொல்லும்போது ஒவ்வொருவருக்கும் ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது. விட்டுப்போனது எதுவோ அதுதான் அவருக்கு அங்கே தேவைப்பட்டிருக்கும். அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன். எல்லாமே வெட்டவெளியில் நின்று செய்யும் கட்டுமான வேலையைப் பற்றியது.

நாங்க வேலூர்க்காரங்க. வெயில் எங்களுக்குப் புதுசா, அண்ணா?

புதுசுதான். நானும் இந்த நினைப்போடு போனவன். கத்திரி நேரத்தில் நாற்பது டிகிரியைத் தாண்டி அடிக்கும்போது மொட்டை மாடித் தளத்தில் நின்று வேலை பார்த்த உடம்பு. சிங்கப்பூரில் பகலில் 31, 32, 33 என்றுதான் போனில் காட்டும். நம்ம ஊர் மாசி மாசம் மாதிரி இருக்கும் போல, இதற்கா பயப்படுவது என்று நினைத்தேன்.

வித்தியாசம் வியர்வையில் இருக்கிறது. நம்ம ஊர்க் காற்று காய்ந்த காற்று. வியர்வை வந்த வேகத்தில் ஆவியாகிவிடும், ஆவியாகும்போது உடம்புச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். சாயங்காலம் சட்டையைக் கழற்றினால் முதுகுப் பக்கம் வெள்ளை வெள்ளையாக உப்புக்கோடு படிந்திருக்கும், பார்த்திருப்பீர்கள். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை டிகிரிகூடத் தள்ளி இல்லாத தீவு. காற்றே ஈரம். ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல், விடியற்காலையில் 90-ஐத் தாண்டும். அங்கே வியர்வை காய்வதில்லை, வழிகிறது, சொட்டுகிறது. கீழே சொட்டிய வியர்வை உடம்பைக் குளிர வைக்காது. தண்ணீரும் உப்பும் போய்விடும், சூடு மட்டும் உள்ளேயே நிற்கும். அங்கே என் சட்டையில் உப்புக்கோடு படிந்து நான் பார்த்ததே இல்லை. பிழிந்தால் தண்ணீர் ஊற்றும், பூட்ஸைக் கவிழ்த்தாலும் ஊற்றும்.

மூன்றாம் நாள், காலை பதினொரு மணி இருக்கும். தளத்தில் குனிந்து கம்பி கட்டிக்கொண்டிருந்தேன். கட்டுக்கம்பியைக் கோத்து, கொக்கியை மாட்டி, ஒரு சுற்று சுற்ற வேண்டும். ஆயிரக்கணக்கில் போட்ட முடிச்சு. அன்றைக்குக் கை சுற்றுகிறது, முடிச்சு விழவில்லை. ஒரே இடத்தில் நாலு தரம் போட்டேன். பக்கத்தில் வேலை செய்த பட்டுக்கோட்டை அண்ணன் கவனித்துவிட்டார். "டேய், உன் ஊரு என்ன சொல்லு" என்றார். ஊர்ப் பெயர் வாயில் வரவில்லை. அவர் என்னை இழுத்துக்கொண்டுபோய் நிழலில் படுக்க வைத்து, ஹெல்மெட்டையும் பூட்ஸையும் கழற்றி, சட்டையைத் திறந்து உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, சிமென்ட் மூட்டை அட்டையால் விசிறிக்கொண்டே இருந்தார். அவர் கவனிக்காமல் விட்டிருந்தால் இன்று இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

உடம்பு பழகுறதுக்கு எத்தனை நாள் ஆகும்?

ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம். அந்த நாட்களில் உடம்பு உள்ளுக்குள் மாறுகிறது. வியர்வை சீக்கிரம் வரத் தொடங்கும், அதில் போகும் உப்பு குறையும், இதயத்தின் படபடப்பு அடங்கும். இதை மனதைரியத்தால் வேகப்படுத்த முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக வேலை நேரத்தைக் கூட்டிக்கொண்டு போனால்தான் நடக்கும்.

சிங்கப்பூர் மனிதவள அமைச்சு இதை முதலாளிகளுக்கே சொல்லியிருக்கிறது. (அங்கே 'அமைச்சகம்' என்று சொல்ல மாட்டார்கள், 'அமைச்சு'தான். நம்ம ஆட்கள் எம்ஓஎம் என்பார்கள்.) 2023 அக்டோபரில் வந்த விதிகளின்படி புதிதாக வந்தவர்களைக் குறைந்தது ஏழு நாளாவது படிப்படியாக வெயிலுக்குப் பழக்க வேண்டும். சைட்டில் டபிள்யூபிஜிடி என்று ஒரு அளவு எடுப்பார்கள். வெறும் வெப்பநிலை இல்லை அது. ஈரம், வெயில், காற்று மூன்றையும் சேர்த்து உடம்புக்கு எவ்வளவு பாரம் என்று காட்டும் எண். அது 32-ஐத் தொட்டால் கடின வேலை செய்கிறவர்களுக்கு மணிக்கு 10 நிமிஷமாவது நிழலில் ஓய்வு தர வேண்டும், 33-ஐத் தொட்டால் 15 நிமிஷம். வெப்பநிலை 32 என்பதும் டபிள்யூபிஜிடி 32 என்பதும் ஒன்றல்ல, குழப்பிக்கொள்ளாதீர்கள். இரண்டாவது ரொம்பக் கடுமையானது.

புதுசாகப் போனவன் ஓய்வு கேட்டால் சோம்பேறி என்று நினைப்பார்களோ என்ற கூச்சம் இருக்கும். எனக்கும் இருந்தது. முதல் நாளே சூப்பர்வைசரிடம் "நான் புது ஆள், இப்போதுதான் வந்திருக்கிறேன்" என்று சொல்லிவையுங்கள். பெரும்பாலான சூப்பர்வைசர்களும் போர்மேன்களும் நம்மைப் போலக் கீழிருந்து வந்தவர்கள்தான்.

எவ்வளவு தண்ணி குடிக்கணும்? தாகம் எடுத்தா குடிச்சா போதாதா?

போதாது. தாகம் எடுப்பதற்குள் உடம்பு பின்தங்கியிருக்கும். மணிக்கு ஒருமுறை குறைந்தது 300 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய டம்ளர் நிறைய. காலையில் லாரி ஏறும் முன்பே ஒரு டம்ளர் குடித்துவிடுங்கள்.

வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடித்துக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளிப்போடுவதும் தப்பு. உப்பு போய்க்கொண்டே இருக்கும்போது வெறும் தண்ணீர் மட்டும் உள்ளே போனால் தலைசுற்றும், வாந்தி வரும், கெண்டைக்காலில் தசை பிடிக்கும். நம்ம ஊரில் வெயிலுக்குக் கேழ்வரகுக் கூழில் மோரும் உப்பும் போட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடிப்பார்களே, அதே கணக்குதான். கூழ் கிடைக்காவிட்டால் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர், ஓஆர்எஸ் பொடி. நான் பழைய சோற்றுத் தண்ணீரை பாட்டிலில் எடுத்துப் போவேன்.

சிறுநீர் நிறத்தைப் பாருங்கள். வெளிர் மஞ்சள் என்றால் சரி. கடுங்காப்பி நிறத்துக்குப் போனால் வேலையை நிறுத்திவிட்டுச் சொல்ல வேண்டும், தள்ளிப்போடக் கூடாது.

பக்கத்துல ஒருத்தர் மயங்கி விழுந்தா என்ன செய்யறது?

பேச்சு குழறுகிறது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார், நடை தள்ளாடுகிறது என்றால் விழும்வரை காத்திருக்காதீர்கள். 995-க்கு அடிக்கச் சொல்லுங்கள், அது ஆம்புலன்ஸ். நிழலுக்குக் கொண்டுபோங்கள். பூட்ஸ், ஹெல்மெட், மேல்சட்டையைக் கழற்றி உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஐஸ் இருந்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். ஆம்புலன்ஸ் வரும்வரை குளிர வைப்பதை நிறுத்தாதீர்கள்.

ஏஜென்ட் லட்சக்கணக்குல கேட்கிறார். குடுக்கலாமா?

ஐபிஏ கையில் வராமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள் என்பதுதான் என் பதில். ஐபிஏ என்பது பெர்மிட்டுக்கு (அங்கே வேலை செய்ய அனுமதிக்கும் அட்டை) முன் மனிதவள அமைச்சு தரும் கொள்கை ஒப்புதல் கடிதம். அதில் உங்கள் பெயர், கம்பெனி பெயர், என்ன வேலை, மாதம் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு, சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் எவ்வளவு பிடிப்பார்கள் என்று எல்லாமே இருக்கும். உங்களுக்குப் புரியும் மொழியில் அதன் பிரதியை, நீங்கள் கிளம்பும் முன்பே முதலாளி அனுப்பியாக வேண்டும். தமிழில் கேளுங்கள். "அங்க போனதும் தர்றோம்" என்று ஏஜென்ட் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கடிதம் உண்மைதானா என்று அமைச்சின் இணையதளத்தில் காசில்லாமல் சரிபார்க்கலாம். குடியாத்தத்தில் ஒரு பையன் கடன் வாங்கிப் பணம் கட்டிய பிறகு என்னிடம் கடிதத்தைக் காட்டினான். எழுத்துரு பார்க்க அப்படியே இருந்தது, எண்ணைப் போட்டுப் பார்த்தால் ஒன்றும் வரவில்லை. அந்தப் பணம் திரும்பி வரவே இல்லை.

பணக் கணக்கு இது. இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். பதிவு உள்ளவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். சிங்கப்பூர் ஏஜென்சி உங்களிடம் வாங்கக்கூடியது, பெர்மிட் காலத்தில் வருஷத்துக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம். வேலை கொடுத்ததற்காக முதலாளி உங்களிடம் பணம் வாங்குவது அங்கே குற்றம். லெவி (வெளிநாட்டு ஆளை வைத்துக்கொள்ள முதலாளி அரசுக்குக் கட்டும் தீர்வை), 5,000 வெள்ளி பாதுகாப்புப் பத்திரம், மருத்துவக் காப்பீடு எல்லாம் முதலாளியின் செலவு. (டாலரை அங்கே தமிழில் வெள்ளி என்பார்கள்.) நடப்பில் இதற்கு மேல் பல மடங்கு கைமாறுகிறது என்பது எனக்கும் தெரியும். கொடுத்தே தீரவேண்டும் என்ற நிலைமை வந்தாலும் வங்கி வழியாகக் கொடுங்கள், ரசீது வாங்குங்கள்.

தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. 1978-லிருந்து நடக்கும் அரசு நிறுவனம். முதலில் அங்கே விசாரித்துவிட்டு அப்புறம் ஏஜென்ட் வீட்டுப் படி ஏறுங்கள்.

நகையை அடகு வெச்சுப் போகலாமா?

இதற்கு நான் ஆமாம், இல்லை சொல்ல முடியாது. ஐபிஏ-வில் இருக்கும் அடிப்படைச் சம்பளத்தில் பிடித்தம் போக மீதியை எழுதுங்கள். ஓவர்டைமைச் சேர்க்காதீர்கள், மழை அதிகமான மாதத்தில் அது குறையும். அந்த மீதியில் வட்டியும் வீட்டுச் செலவும் போக, எத்தனை மாதத்தில் கடன் அடையும் என்று பாருங்கள். ஒரு வருஷத்தைத் தாண்டினால் நான் போக மாட்டேன்.

பாஸ்போர்ட், ஸ்கில் டெஸ்ட் எல்லாம் எங்கே?

பாஸ்போர்ட்டுக்குச் சென்னை வரை அலைய வேண்டாம், வேலூர் தலைமை அஞ்சலகத்திலேயே சேவை மையம் இருக்கிறது. கட்டுமான பெர்மிட்டுக்கு சிங்கப்பூர் அங்கீகரித்த மையத்தில் ஸ்கில் டெஸ்ட் தேறியிருக்க வேண்டும். கம்பி, டைல்ஸ், பிளம்பிங், பலகை வேலை என்று ஒரு தொழிலை எடுத்துச் செய்து காட்டும் தேர்வு. தெரியாத தொழிலில் 'சர்டிபிகேட் வாங்கித் தர்றேன்' என்கிறவரை நம்பாதீர்கள். அங்கே முதல் நாள் கையில் கருவியைக் கொடுத்ததும் தெரிந்துவிடும். பாஸ்போர்ட்டில் ஈசிஆர் முத்திரை (சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசு அனுமதி வேண்டும் என்ற குறிப்பு) இருந்தாலும் சிங்கப்பூருக்குத் தனி அனுமதி தேவையில்லை. மலேசியா போகிறவர்களுக்குத் தேவை.

பையில என்ன எடுத்துட்டுப் போகலாம், என்ன கூடாது?

எடுத்துக்கொள்ள வேண்டியது: பருத்தி பனியன் ஏழெட்டு, பருத்திக் கைலி, மெல்லிய துண்டு நான்கு (கழுத்தில் போட்டுக்கொள்ள), காலுறை நிறைய. காலுறைக்கு என்ன அவ்வளவு என்று நினைக்காதீர்கள். அங்கே ஈரக் காலுறையோடு இரண்டாம் நாள் பூட்ஸ் போட்டால் விரல் இடுக்கில் சேற்றுப்புண் வந்துவிடும். தினமும் மூன்று ஜோடி வைத்துக்கொண்டு மதியம் ஒருமுறை மாற்றுங்கள். முழுக்கை சட்டைதான் போட வேண்டும், வெயில் தோலில் நேராகப் படக் கூடாது.

கூடாதது பெரிய பட்டியல். மெல்லும் புகையிலை, பான் மசாலாப் பொட்டலங்கள், சூயிங்கம், வேப் (மின்சிகரெட்) எதுவும் கூடாது. சிகரெட்டுக்கு அங்கே தீர்வைச் சலுகையே கிடையாது, ஒரு பாக்கெட் இருந்தாலும் சொல்லித் தீர்வை கட்ட வேண்டும். கசகசா கூடாது. போதைப்பொருள் தடுப்புத் துறை தடை செய்த பொருள் அது. அம்மா அரைத்துக் கொடுக்கும் குருமா மசாலாவில் கசகசா சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆம்பூர் பிரியாணியைப் பொட்டலம் கட்டி எடுத்துப் போக ஆசைப்படுவார்கள், உப்புக்கண்டம் காய வைத்துக் கொடுப்பார்கள். இந்தியாவிலிருந்து பயணிகள் இறைச்சி கொண்டுவர அனுமதி இல்லை. ஊறுகாய் என்றால் மாங்காய், எலுமிச்சையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தூக்க மாத்திரை, கோடீன் சேர்ந்த இருமல் மருந்து இவற்றுக்கெல்லாம் முன் அனுமதி வேண்டும். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை இருந்தால் டாக்டர் சீட்டோடு கொண்டுபோங்கள்.

அடுத்தவர் கொடுக்கும் பார்சலை வாங்கவே வாங்காதீர்கள். தெரிந்தவர், சொந்தக்காரர், பக்கத்து வீட்டு மாமா, யாராக இருந்தாலும் சரி. அந்த நாட்டில் போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை உண்டு. 'எனக்குத் தெரியாது, கொடுத்தாங்க, கொண்டு வந்தேன்' என்பது காப்பாற்றாது.

விமானம் ஏறுற வரைக்கும் என்ன செய்யணும்?

எஸ்ஜி அரைவல் கார்டு என்று ஒரு படிவம் இருக்கிறது. சேரும் நாளோடு சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், கட்டணம் இல்லை. பணம் கேட்கும் தளங்கள் போலி. சென்னையிலிருந்து நாலு மணி நேரப் பயணம். காட்பாடியிலிருந்து ரயிலோ, வேலூர் புது பஸ் ஸ்டாண்டிலிருந்து பஸ்ஸோ, பகலிலேயே கிளம்பிவிடுங்கள். ஐபிஏ-வின் இரண்டு நகலில் ஒன்று கைப்பையில், ஒன்று வீட்டில். இறங்கியதும் கைக்கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளிக்கொள்ளுங்கள்.

இறங்கின முதல் ரெண்டு வாரம் என்ன நடக்கும்?

மருத்துவப் பரிசோதனை இருக்கும். காசநோய், எச்ஐவி, மலேரியா எல்லாம் பார்ப்பார்கள். முதன்முறை வருகிறவர்களுக்கு ஒரு நாள் அறிமுக வகுப்பு உண்டு, தமிழிலேயே நடக்கும். உரிமை, சம்பளம், சட்டம், யாரிடம் புகார் சொல்வது என்று எல்லாம் சொல்லித்தருவார்கள். களைப்பில் நான் அதில் பாதி நேரம் தூங்கிவிட்டேன். பின்னால் சம்பளப் பிரச்சினை வந்தபோது அதற்காக ரொம்ப வருத்தப்பட்டேன். நோட்டு எடுத்துப்போய் எழுதிக்கொள்ளுங்கள். சேஃப்டி கோர்ஸ் தனி. அப்புறம் கைரேகை, புகைப்படம், பெர்மிட்.

பாஸ்போர்ட் உங்களுடையது. முதலாளி அதைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. பெர்மிட்டில் போட்டிருக்கும் கம்பெனிக்கு, போட்டிருக்கும் வேலையை மட்டும்தான் செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை வேறு இடத்தில் கைச்செலவுக்கு வேலை பார்த்தால் பெர்மிட் போய்விடும்.

டார்மிட்டரி, அதாவது தொழிலாளர் விடுதி, பெரும்பாலும் துவாஸ், ஜூரோங், கிராஞ்சி மாதிரி நகரத்து ஓரத்தில் இருக்கும். அறையில் பல பேர், அடுக்குக் கட்டில். முதல் ராத்திரி தூக்கம் வராது. பரவாயில்லை, எல்லாருக்கும் அப்படித்தான். சைட் வேலியில் நாலு மொழியில் பலகை தொங்கும். அதில் 'அபாயம்' என்று நம்ம எழுத்தைப் பார்த்தபோது எனக்கு என்னவோ ஆறுதலாக இருந்தது. தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று.

சம்பளம் சரியா வருதான்னு எப்படிப் பார்க்கறது?

சின்ன நோட்டு ஒன்றில் தினமும் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு ஆரம்பம், எத்தனை மணிக்கு முடிவு, எந்த சைட். போனில் படம் எடுத்து வீட்டுக்கும் அனுப்பிவிடுங்கள். பிரச்சினை வந்தால் இந்த நோட்டுதான் பேசும்.

வாரத்துக்கு 44 மணி நேரம் சாதாரண வேலை. அதற்கு மேல் ஓவர்டைம், ஒன்றரை மடங்கு. மாதத்துக்கு 72 மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் கூடாது. கணக்கு இப்படி: அடிப்படைச் சம்பளத்தை 12-ஆல் பெருக்கி, 52-ஐயும் 44-ஐயும் பெருக்கி வரும் 2,288-ஆல் வகுத்தால் ஒரு மணி நேரக் கூலி. உதாரணத்துக்கு அடிப்படை 600 வெள்ளி என்றால் மணிக்கு 3.15 வெள்ளி, ஓவர்டைம் மணிக்கு 4.72 வெள்ளி. ஓய்வு நாளில் முதலாளி கேட்டு முழு நாள் வேலை செய்தால் இரண்டு நாள் சம்பளம். மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம், 14 நாளுக்குள் ஓவர்டைம் பணம் வந்தாக வேண்டும். டார்மிட்டரியில் தங்குகிறவர்களுக்கு வங்கிக் கணக்கில்தான் போட வேண்டும். ஐபிஏ-வில் உள்ள அடிப்படைச் சம்பளத்தை உங்கள் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் குறைக்க முடியாது. அதனால் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். புரியாத தாளை முதலில் படம் எடுங்கள், யாரையாவது படிக்கச் சொல்லுங்கள்.

இரண்டு மாதம் எனக்குச் சம்பளம் வரவில்லை. இன்று வரும், நாளை வரும் என்று இருந்துவிட்டேன். அப்படி இருக்காதீர்கள். வெளிநாட்டு ஊழியர் மையத்தின் 6536 2692 எண் இருபத்துநாலு மணி நேரமும் இயங்கும், தமிழில் பேசலாம்.

அடிபட்டாலோ உடம்பு முடியலைனாலோ அனுப்பிடுவாங்களா?

இந்தப் பயத்தில்தான் பலர் வலியை மறைக்கிறார்கள். வேலையில் அடிபட்டால் மருத்துவச் செலவும், மருத்துவ விடுப்புக்கான சம்பளமும் சட்டப்படி முதலாளி தர வேண்டும். யார் கவனக்குறைவு என்று பார்க்க மாட்டார்கள். 60,000 வெள்ளிக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் முதலாளி எடுத்திருக்க வேண்டும். சின்ன அடியானாலும் அன்றைக்கே சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள். "ரூமில் வழுக்கி விழுந்தேன்னு டாக்டரிடம் சொல்லு" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எங்கே, எப்படி அடிபட்டது என்று நடந்ததையே சொல்லுங்கள். நாளைக்கு முதுகோ கையோ சரியாகாவிட்டால் டாக்டர் அன்று எழுதியதுதான் சாட்சி.

காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டு வலி சேர்ந்து வந்தால் டெங்குவாக இருக்கலாம். ஆஸ்பிரின், புரூபன் போட்டுக்கொள்ளாமல் கிளினிக்குக்குப் போங்கள்.

படர்தாமரைக்கு ஊர்ல இருந்து கிரீம் வாங்கிட்டுப் போகலாமா?

கடையில் 'நல்லா கேட்கும்' என்று தரும் கிரீம்களில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், இரண்டு வாரத்தில் தொடை முழுக்கப் பரவும். தோல் டாக்டர் எழுதிக் கொடுத்ததை மட்டும் போடுங்கள். வேர்க்குருவுக்கு, வேலை முடிந்ததும் குளித்து, துடைத்து, காய்ந்த துணி மாற்றினாலே பாதி போய்விடும்.

சாப்பாடு எப்படி?

கேட்டரிங் சாப்பாடு என்றால் விடியும் முன்பே பொட்டலம் வந்துவிடும், மதியச் சோறும் அதோடு சேர்ந்தே. நீங்கள் பிரிக்கும்போது பன்னிரண்டு மணி. அந்த ஈரச்சூட்டில் சாம்பார் புளித்துவிடும். முகர்ந்து பார்த்து, நூல் நூலாக இழுத்தால் கொட்டிவிடுங்கள், காசு போனாலும் பரவாயில்லை. வயிற்றுப்போக்கோடு வெயிலில் நிற்பது உயிரோடு விளையாடுவது. டார்மிட்டரியில் சமைக்க வசதி இருந்தால் நாலு பேர் கூட்டுச் சேர்ந்து சமையுங்கள். செலவும் குறையும். எங்கள் கூட்டில் கடலூர்க்காரர் குழம்பு, நான் களி. கேழ்வரகு மாவு தேக்காவில் (லிட்டில் இந்தியா பகுதி) கிடைக்கும்.

மழையும் இடியும் எப்படி?

வருஷம் முழுக்க மழை. நம்ம வேலூருக்கு வருஷத்தில் வருவதுபோல ஏறக்குறைய இரண்டு மடங்கு அங்கே பெய்கிறது. இடி மின்னலும் அதிகம். மின்னல் எச்சரிக்கை வந்ததும் வெட்டவெளி வேலையை நிறுத்தி இறங்கச் சொல்வார்கள். கையில் பாதி முடிச்சு இருந்தாலும் விட்டுவிட்டு இறங்குங்கள். கம்பிக்கூடு, சாரம், கிரேன், மரம் எதன் பக்கத்திலும் ஒதுங்கக் கூடாது. மழை வந்தால் புளியமரத்தடிக்கு ஓடும் பழக்கம் நமக்கு இருக்கிறது, அங்கே அதை மறந்துவிடுங்கள். மழை விட்டதும் வெயில் அடிக்கும் அரை மணி நேரம்தான் ரொம்ப மோசம். தரையிலிருந்து ஆவி எழும். அப்போது மெதுவாக வேலை செய்யுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை?

தேக்கா, அதாவது லிட்டில் இந்தியா. சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயில், பெருமாள் கோயில், மளிகை, பணம் அனுப்பும் கடை எல்லாம் இருக்கும். ஊர்க்காரர்களைப் பார்க்கலாம். அந்தப் பகுதியில் சனிக்கிழமை காலை ஏழு மணியிலிருந்து திங்கள் காலை ஏழு வரை பொது இடத்தில் மது குடிக்கத் தடை. உரிமம் உள்ள இடத்தில் மட்டும் பணம் அனுப்புங்கள். "உன் வங்கிக் கணக்கை ஒரு மாசம் குடு, 500 வெள்ளி தர்றேன்" என்று யாராவது வருவார்கள். மோசடிப் பணத்தைக் கடத்துவதற்குத்தான் அது. ஏடிஎம் கார்டு, சிங்பாஸ் (அரசு தரும் இணைய அடையாளக் கணக்கு) இரண்டையும் கொடுத்தவர்கள் சிறைக்குப் போயிருக்கிறார்கள்.

என் பையன் போன வாரம் போனான். தினமும் போன்ல "நல்லா இருக்கேம்மா"ன்னுதான் சொல்றான். எதைக் கேட்டு நிஜம் தெரிஞ்சுக்கிறது?

அம்மா, "சாப்பிட்டியா" என்று கேட்டால் "சாப்பிட்டேன்" என்றுதான் சொல்வான். நானும் அப்படித்தான் சொன்னேன், என்னை நிழலில் படுக்க வைத்த அன்று ராத்திரியும். "இன்னைக்கு எத்தனை பாட்டில் தண்ணி குடிச்ச? மதியம் எங்க உட்கார்ந்து சாப்பிட்ட? பக்கத்துக் கட்டில்ல இருக்கிறவர் எந்த ஊரு?" என்று கேளுங்கள். பக்கத்துக் கட்டில்காரர் போன் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வீடியோவில் பேசும்போது உதடு வெடித்திருக்கிறதா, கண் உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள். நம்ம ஊரில் ராத்திரி ஒன்பதரை என்றால் அவனுக்கு நடுராத்திரி பன்னிரண்டு. விடியற்காலை லாரி ஏறுகிறவன். சாயங்காலம் ஆறு, ஏழு மணிக்குள் பேசி முடித்துவிடுங்கள், அவன் தூங்கட்டும். முதல் மாதம் பணம் குறைவாகத்தான் வரும், அதைப் பற்றி முதல் மாதம் பேச வேண்டாம்.

லீவுல வந்துட்டுத் திரும்பிப் போறேன். பழைய ஆளுக்கு இதெல்லாம் தேவையா?

தேவை. ஊரில் ஒரு மாதம் இருந்தால் உடம்பு பழகியதெல்லாம் போய்விடும். கல்யாணம், திருவிழா என்று தூக்கம் கெட்டு, விமானத்தில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து, அடுத்த நாளே தளத்தில் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே நாலு வருஷம் இருந்தவர் ஒருவர் லீவு முடிந்து வந்த இரண்டாம் நாள் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். திரும்பி வருகிறவர்களுக்கும் அந்த ஏழு நாள் கணக்கு உண்டு. சூப்பர்வைசரிடம் "லீவு முடிஞ்சு வந்திருக்கேன்" என்று சொல்லுங்கள். கொண்டுபோன மாங்காய் ஊறுகாயில் ஒரு டப்பாவை உங்கள் பக்கத்தில் வேலை செய்கிறவருக்குக் கொடுங்கள். கொடுக்கும்போதே, "பேச்சு குழறினா என்னைப் பாத்துக்கோ" என்றும் சொல்லிவையுங்கள்.